மடித்த சீட்டு

ஆராதனை தொடங்கப் பத்து நிமிடம் இருந்தது. ஜெப விண்ணப்பங்களை வாசிக்கும் சபை மூப்பர், மருமகன் நீட்டிய சீட்டில் 'மனநோய்' என்ற சொல்லைக் கண்டதுமே அதை மடித்துவிட்டார்.

"சபை நடுவுல என் பொண்ணு மானத்தைக் கப்பலேத்தணுமா, மாப்பிள்ளை?"

"காய்ச்சல்னா வாசிப்பீங்கதானே, மாமா?"

"அதுவும் இதுவும் ஒண்ணா? உங்களால முடியலைன்னா சொல்லுங்க. அவளை நான் கூட்டிட்டுப் போறேன்."

"முடியாதுன்னுதான் நேத்துவரைக்கும் நினைச்சேன். இதை எழுதினது நான் இல்ல, மாமா. முழுசா படிங்க."

பிரித்தார். மருந்தால் நடுங்கிய எழுத்து. அடியில் மகளின் பெயர்.

'மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறேன். கர்த்தர் என்னைக் கைவிடவில்லை. என்னைப் பார்த்துக்கொள்ளும் என் கணவர் சோர்ந்துபோகாதிருக்க ஜெபியுங்கள்.'

மூப்பர் மேடையேறி நிமிர்ந்து நின்றார்.

"முதல் விண்ணப்பம், என் மகளுடையது."