இன்றும் மூடவில்லை

வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்களின் ஃபேஸ்புக் பக்கங்களைத் துருவிப் பார்த்து, ஆகாதவர்களைக் கழித்துக்கட்டுவது எங்கள் ஆலையில் என் வேலை. பாதுகாப்பு அதிகாரி பதவிக்கு வந்திருந்த முத்தரசியின் பக்கத்தில் ஒரே ஒரு சாக்கடைக் குழிதான் இருந்தது. பள்ளிக்கூட வாசலில் மூடியில்லாமல் கிடந்த அதைத் தினம் ஒரு படமாக நானூற்றுப் பன்னிரண்டு நாள் எடுத்திருந்தாள். ஒவ்வொன்றின் கீழும் 'இன்றும் மூடவில்லை' என்று எழுதியிருந்தாள். நடுவில் ஓர் இருபது நாள் படங்களில் மட்டும் அவளுடைய ஊன்றுகோலின் நிழலும் விழுந்திருந்தது. நேர்காணலில் மேலாளர் அதைக் காட்டி, "வேலை கிடைச்சா இதை நிறுத்திடுவீங்களாம்மா?" என்று கேட்டார். "மூடிட்டா நிறுத்திடுவேன் சார்" என்றாள். அவள் வெளியே போனதும் மேலாளர் என் பக்கம் திரும்பி, "நமக்கு ஒத்துவராதுய்யா, கழிச்சிரு" என்றார். என் இடத்துக்கு வந்து அவள் பக்கத்தை மறுபடி திறந்தேன். அன்று காலைப் படத்தில், நேர்காணலுக்குக் கட்டிவந்த அதே நீலச் சேலை குழித் தண்ணீரில் பிரதிபலித்தது. எங்கள் ஆலையின் பின்பக்கப் படிக்கட்டில் கைப்பிடி உடைந்து எட்டு மாதமாகிறது. செல்போனை எடுத்துக்கொண்டு அங்கே போனேன்.