இரண்டாவது சைக்கிள்

மெயில் இத்தாலியிலிருந்து வந்திருந்தது.

"அன்பான விருந்தினர்களே" என்று பன்மையில் ஆரம்பித்தது.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். காலை பதினொரு மணி. சைக்கிள்காரர்களின் இறுக்கமான கால்சட்டை இன்னும் காலில்தான் இருந்தது. மூன்று வாரமாகச் சைக்கிளைத் தொடவில்லை. ஆனாலும் எழுந்ததும் கை அந்தக் கால்சட்டையைத்தான் எடுக்கிறது.

ஜூன் மாதம். டஸ்கனி மலைகள். ஆறு நாள், இருநூற்று எழுபது கிலோமீட்டர். பயணிகள் இருவர். வெள்ளிக்கிழமைக்குள் விவரங்களைச் சரிபார்த்து அனுப்ப வேண்டுமாம். அதை வைத்துத்தான் சைக்கிள்களைத் தயார் செய்வார்கள்.

முதலாமவர்: உயரம் நூற்று எழுபத்திரண்டு சென்டிமீட்டர். சரி.

இரண்டாமவர்: புஷ்பலதா. உயரம் நூற்று ஐம்பத்து நான்கு. உள்கால் அளவு அறுபத்தெட்டு.

அளந்தது அவரேதான். மனைவியைப் படுக்கையறைச் சுவரை ஒட்டி நிறுத்தி, கால்களுக்கு நடுவில் ஒரு தடித்த டைரியை வைத்து, அதன் மேல்விளிம்பில் பென்சிலால் கோடு இழுத்தார்.

"ஏனுங்க, மாப்பிள்ளை வந்தா இதென்ன கோடுன்னு கேப்பாரு."

சொல்லிவிட்டு அவளே சிரித்ததில் டைரி நழுவியது. திட்டிவிட்டு மறுபடி அளந்தார்.

சுவரில் இரண்டு கோடுகள் இருக்கின்றன.

பம்ப்செட் கம்பெனியில் அவர் முப்பத்தொரு வருடம் தரக்கட்டுப்பாட்டு மேலாளர். ஒரு பம்பில் என்ன கோளாறு என்பதைப் பத்தடி தள்ளி நின்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். அப்படி அவரே சொல்லிக்கொள்வார்.

ஓய்வு பெற்றதும் சிகரம் பெடலர்ஸில் சேர்ந்தார். தொப்பையைக் குறைக்க முடியாதவர்கள் சைக்கிளின் எடையைக் கிராம் கிராமாகக் குறைத்துக்கொண்டிருக்கும் குழு. அதில் ஒரே ஒரு சட்டம்தான். ஏற்றத்தில் யாரும் யாருக்காகவும் நிற்பதில்லை.

டஸ்கனி என்று அவர் அறிவித்த அன்று குழுவே கைதட்டியது.

"ஜோடியாவா சார்?"

"பின்னே?"

வீட்டுக்கு வந்துதான் ஜோடியிடம் சொன்னார்.

அவள் கடைசியாகச் சைக்கிள் மிதித்தது பிளஸ் டூ படிக்கும்போது.

பயிற்சிக்கு அட்டவணை போட்டார். கம்ப்யூட்டரில், கம்பெனிப் பழக்கப்படி. தேதி, இடம். அப்புறம் மூன்று கட்டங்கள். குறை, காரணம், நடவடிக்கை.

அளவுகளும் அதில்தான் இருந்தன. சரிபார்ப்பதற்காக இப்போது அதைத் திறந்தார். அளவுகளோடு மூடியிருக்கலாம்.

பிப்ரவரி 4. மாங்கரை. குறை: ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது என்கிறாள். காரணம்: சோம்பல். நடவடிக்கை: தூரத்தைக் கூட்டுவது.

பிப்ரவரி 11. மாங்கரை. குறை: இடது தோளில் வலி. காரணம்: ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிப்பது. நடவடிக்கை: கையுறை.

பிப்ரவரி 18. மருதமலை அடிவாரம். குறை: நெஞ்சு கரிக்கிறது. காரணம்: முந்தின நாள் பூரி. நடவடிக்கை: ஓட்ஸ்.

பிப்ரவரி 25. ஆனைகட்டி. குறை: நான்கு இடத்தில் இறங்கித் தள்ளினாள். காரணம்: மன உறுதி போதாது. நடவடிக்கை: பேசியாகிவிட்டது.

பேசியது மேட்டின் மேல் ஒரு டீக்கடையில். அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்வதற்குள் அவருக்கு இரண்டு டீ முடிந்திருந்தது.

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். மூச்சு ஆறிய பிறகுதான் கேட்டாள்.

"பேட்டரி வெச்ச சைக்கிளும் அங்க தர்றாங்களாமா. எனக்கு மட்டும் அதச் சொல்லிப்போடலாமுங்களா?"

"அதெல்லாம் வயசானவங்களுக்கு."

"நாமென்ன காலேஜ் புள்ளைகளாங்க?"

டீக்கடைக்காரர் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. குழு ஆட்கள் இரண்டு பேர் பக்கத்திலேயே நின்றிருந்தார்கள்.

மார்ச் 4. தேதி மட்டும் முன்கூட்டியே அடித்து வைத்திருந்தது. இடமில்லை, குறையில்லை.

அன்று காலை ஷூ நாடா கட்டக் குனிந்தவள் நிமிரவில்லை.

"ஹார்ட்ல அடைப்பு கொஞ்ச நாளாவே இருந்திருக்கும்," என்றார் ஆஸ்பத்திரியில் டாக்டர். "மூச்சு வாங்குது, தோள் வலிக்குதுன்னு ஏதாச்சும் சொன்னாங்களா?"

"இல்லீங்க."

மகளிடமும் அதையே சொன்னார். வந்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னார். ஒன்றுமே சொல்லவில்லை, திடீரென்று போய்விட்டாள்.

குழுவின் வாட்ஸப்பில் நாற்பத்திரண்டு கும்பிட்ட கைகள் வந்தன. நடுவில் ஒருவர் செயினுக்கு எந்த ஆயில் நல்லது என்று கேட்டுவிட்டு, அதை அழித்து, அவரும் கும்பிட்டார். பத்தாம் நாள் அவள் நினைவாக அறுபது கிலோமீட்டர் ஓட்டினார்கள். கொடியசைக்க இவரைக் கூப்பிட்டார்கள். அசைத்தார்.

சட்டப்படி, ஏற்றத்தில் யாரும் நிற்கவில்லை என்று பிறகு தகவல் வந்தது.

மெயிலுக்குத் திரும்பினார். அடியில் இன்னும் சில கேள்விகள். டிசம்பரில் இருவருக்கும் சேர்த்து அவரே பதில் சொல்லியிருந்தார்.

சைவ உணவா? ஆம். ஆம்.

மின்சார உதவியுள்ள சைக்கிள் தேவையா? இல்லை. இல்லை.

இரண்டாவது "இல்லை"யின் மேல் அம்புக்குறி வெகுநேரம் நின்றது.

எடுத்துவிட்டு, "ஆம்" என்று குறித்தார்.

உடனே கீழே ஒரு புதுக் கட்டம் திறந்தது. மாற்றத்துக்கான காரணம்.

காரணம் எழுதுவது அவருக்குப் புதிதல்ல. முப்பத்தொரு வருடம் எழுதியவர். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்ட எத்தனையோ பேருக்கு மெமோ கொடுத்தவர்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்.

ஏற்றத்தில் அவளுக்கு மூச்சு வாங்குகிறது.