ஐந்தாவது ஆள்

இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார் பெரியவர். விமான நிலையத்தின் பயணத் திட்டப் பிரிவில் அவர்தான் மூத்த எழுத்தர்.

"என்னண்ணே, மாப்பிள்ளை மாதிரி வந்திருக்கீங்க?" என்றாள் பக்கத்து மேசைக்காரி.

"பையன் வர்றான். மூணு மணிக்கு, ராணுவ விமானத்துல. வீட்டுல உட்கார முடியலை, அதான் வந்துட்டேன்." குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

இருபது நாள் விடுப்பு முடிந்து அன்றுதான் அவள் திரும்பியிருந்தாள். தப்பு என்றால் பாய்ந்து பிடிப்பதால் அலுவலகத்தில் அவளுக்குத் 'திருத்தம்' என்று பட்டப்பெயர். பெரியவருக்காக அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மற்ற மேசைகளில் என்னவோ எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அந்த விமானத்தின் பயணத் திட்டப் படிவம் அவள் திரையில்தான் இருந்தது. ராணுவ விமானங்கள் தங்கள் தளங்களுக்குள் பறந்தால் கணக்கு வழக்கெல்லாம் அவர்களோடு போயிற்று. பொது விமான நிலையத்தில் இறங்கினால் மட்டும் எல்லோரையும் போல இந்தப் படிவத்தை நிரப்பியாக வேண்டும். வேண்டா வெறுப்பாகத்தான் நிரப்புவார்கள்.

நிறுத்துவதற்குச் சரக்குக் கிடங்குப் பக்கம் இடம் கேட்டிருந்தார்கள். விமானத்தில் இருப்போர் என்ற கட்டத்தில் நான்கு.

"விமானிங்க ரெண்டு, சிப்பந்திங்க ரெண்டு. அப்ப அண்ணனோட பையன்?" என்று முணுமுணுத்தாள்.

வழியில் ஏதாவது ஆகிவிட்டால் தேடப் போகிறவர்கள் இந்த எண்ணைத்தான் பார்ப்பார்கள். நாலு பேர் கிடைத்ததும் தேடுவதை நிறுத்திவிடுவார்கள்.

ராணுவத் தளத்துக்கு ஃபோன் போட்டுப் பிடி பிடி என்று பிடித்தாள்.

"நாலுதான் மேடம்," என்றான் மறுமுனையில் இருந்தவன்.

"அஞ்சுங்க! அந்தப் பையனோட அப்பா என் பக்கத்துலதான் உட்கார்ந்திருக்கார். உங்க இடத்துல எப்படியோ, இங்க ஒரு ஆளைக்கூட விட முடியாது."

அவன் குரலைத் தாழ்த்தினான். "அவர்கிட்டயே கேளுங்க மேடம்," என்று வைத்துவிட்டான்.

"எவ்வளவு அலட்சியம் பாருங்கண்ணே! நானே அஞ்சுன்னு மாத்திடறேன்."

விசைப்பலகைக்குப் போன அவள் கையைப் பெரியவர் மெல்லப் பிடித்தார். முகத்தில் அழுகையும் இல்லை, கோபமும் இல்லை, மரத்துப் போயிருந்தது.

"நாலுதாம்மா சரி. உயிரோட வர்றவங்களைத்தான் எண்ணணும்."