நாலாவது படம்

மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்கக் கடம்பத்தூர் வந்து சேர்ந்தபோது, காயத்ரி பட்டுப்புடவையோடு லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

ஐந்து மணிக்குள் அனுப்பியாக வேண்டும். மணி நாலே முக்கால்.

சிறுகோள் தேடும் குழு ஒன்றில் அவள் சேர்ந்து ஒரு வருடமாகிறது. எங்கோ ஒரு தொலைநோக்கி, வானத்தின் ஒரே இடத்தைச் சில நிமிட இடைவெளியில் நான்கு படம் எடுத்து அனுப்பும். நட்சத்திரங்கள் நகராது. நகரும் புள்ளி எதுவோ, அது சிறுகோள்.

இன்று ஒரு புள்ளி நகர்ந்தது. எந்தப் பட்டியலிலும் இல்லாத புள்ளி. வேகத்தைப் பார்த்தால் பூமிக்குப் பக்கத்தில்தான் போய்க்கொண்டிருந்தது.

ஆனால் நாலாவது படத்தில் அதைக் காணவில்லை. நாலும் இல்லாமல் அறிக்கையை ஏற்க மாட்டார்கள். இன்று விட்டால் அது போன பாதை யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

அம்மா இரண்டு முறை கதவைத் தட்டிவிட்டாள். மூன்றாம் முறை கதவே திறந்தது. உள்ளே வந்தது மாப்பிள்ளையின் அம்மா குணசுந்தரி.

காயத்ரி எழுந்திருக்கப் போனாள்.

"குந்தும்மா. இன்னாத்த தேடிக்கினு கீற?"

தப்பாக நினைத்தால் நினைக்கட்டும் என்று எல்லாவற்றையும் சொன்னாள்.

குணசுந்தரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். நாலு படங்களையும் திரும்பத் திரும்ப ஓடவிடச் சொன்னார். பிறகு பெரிய நட்சத்திரம் ஒன்றின் ஓரத்தில் விரலை வைத்தார்.

"இது மொதல்ல உருண்டையா இருந்துச்சு. கடைசில மட்டும் ஓரத்துல மூக்கு மாரி நீட்டிக்கினு கீது பாரு."

காயத்ரி பெரிதாக்கிப் பார்த்தாள். இருந்தது. நட்சத்திர வெளிச்சத்தில் ஒட்டிக்கொண்டு, அதே நேர்கோட்டில்.

"எப்டி ஆன்ட்டி கண்டுபுடிச்சீங்க?"

"கும்மிடிப்பூண்டில பேரிங் கம்பெனி. குண்டுல கீறல் கீதான்னு பாக்கறதுதான் பதினெட்டு வருசமா வேலை."

நாலு ஐம்பத்தெட்டுக்கு அறிக்கை போனது. கண்டுபிடித்தவர்கள் என்ற இடத்தில் இரண்டு பெயர்கள். கூடத்தில் பஜ்ஜி ஆறிப்போயிருந்தது.

மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. வேறு தொலைநோக்கிகளும் பார்த்து, சுற்றுப்பாதையைக் கணக்கிட்டுவிட்டார்கள். லாரி அளவுள்ள கல். சூரியனைச் சுற்றிவர நானூற்றுப் பதினோரு நாள். பூமியின் பக்கமாக வரும், மோதாது.

காயத்ரி போன் செய்தபோது குணசுந்தரி ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் இருந்தார். பக்கத்து சீட்டுக்காரியிடமும் கண்டக்டரிடமும் சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தார்.

அடுத்த மாதம் ஆரணியில் அவருடைய மகனுக்கு வேறொரு பெண்ணோடு கல்யாணம். மேடையில் மணப்பெண், பரிசோடு வந்து நின்ற காயத்ரியைப் பார்த்து, இவங்க யாரு என்று மாமியாரிடம் கேட்டாள்.

குணசுந்தரி யோசிக்கவே இல்லை.

"எங்கூட வேலை செய்யற பொண்ணும்மா."