கதவு என்ன தப்பு பண்ணிச்சு?

"எல்லாரும் கதவைத் தட்டறாங்க. நீ மட்டும் ஏம்மா வாசல்ல நின்னு கத்தறே?"

சிலி நாட்டுக்குக் குடிவந்த புதிதில் மகள் ஜுட்லின் இப்படிக் கேட்டாள்.

"கதவு என்னடி தப்பு பண்ணிச்சு, அதைப் போட்டு அடிக்கிறதுக்கு?" என்றாள் மிர்லாந்த்.

ஹைத்தியில் யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் நின்று, "இந்த வீட்டுக்கு மரியாதை!" என்று குரல் கொடுப்பதுதான் வழக்கம். இங்கே பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அவளைப் போலவே கூவிப் பழிப்புக் காட்டினார்கள். அவளும் கூடச் சிரித்துவிட்டு, மறுநாளும் அப்படியே கூப்பிட்டாள்.

அந்தக் குரலே இப்போது அவள் குடியிருந்த அறைக்கு உலை வைக்கப் பார்த்தது. அவள் யார் வாசலில் குரல் கொடுத்தாலும், எதிர் வீட்டில் தனியாக இருந்த வயதான எலியானா அம்மாள் கதவை ஒரு விரற்கடை திறந்து பார்ப்பாள், உடனே சாத்திக்கொள்வாள். சிலிண்டர்காரன் கை வலிக்கத் தட்டினாலும் திறக்காத கதவு அது.

"அந்தம்மாவுக்கு உன் சத்தம் ஆகலை. இன்னொரு தடவை கத்தினே, ரூமைக் காலி பண்ணிடு" என்று இரண்டு வீட்டுக்கும் சொந்தக்காரரான ஒஸ்வால்தோ சொல்லிவிட்டார்.

புத்தாண்டு வந்தது. அன்று பூசணிக்காய் சூப்பை அக்கம்பக்கத்தாருக்குக் கொடுக்காமல் ஹைத்திக்காரர்கள் வாயில் வைக்கமாட்டார்கள். மிர்லாந்த் ஜெபம் செய்துவிட்டு, முதல் கிண்ணத்தை எலியானா அம்மாளுக்கே எடுத்துப் போனாள்.

முற்றத்தில் நின்ற ஒஸ்வால்தோ வழி மறித்தார். "எங்க ஊர்ல இருக்கணும்னா எங்களை மாதிரி தட்டு."

"உங்க ரொட்டியைத்தான் சாப்பிடறேன். உங்க பாஷையைத்தான் பேசறேன். ஆனா அடுத்தவங்க கதவை இடிக்க மட்டும் என் கை வராதுங்க ஐயா."

"அப்ப மூட்டையைக் கட்டு."

"கட்டறேன். சூப்பைக் கொடுத்துட்டு வந்து கட்டறேன்."

அவள் நிமிர்ந்து நின்று, முன்னைவிட உரக்கவே குரல் கொடுத்தாள். "இந்த வீட்டுக்கு மரியாதை!"

கதவு அகலத் திறந்தது. எலியானா அம்மாள் கிண்ணத்தை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.

"இவ போனா நானும் போறேன், ஒஸ்வால்தோ."

"என்னம்மா இது! மத்தவங்க மாதிரி தட்டுன்னுதானே சொன்னேன்?"

"ராணுவ ஆட்சியில என் பையனைக் கூட்டிட்டுப் போனவங்களும் தட்டிட்டுத்தான்பா வந்தாங்க."