வாலன்டரிலி

“டாக்டர் என்ன கேட்டாலும் ‘வாலன்டரிலி’ன்னு ஒரே வார்த்தை சொல்லு குட்டி. அவ்வளவுதான்” என்றாள் அம்மா. ஆஸ்பத்திரி வராந்தாவில் இது நாலாவது தடவை.

தங்கை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

அண்ணனுக்கு இரண்டு கிட்னியும் போய் எட்டு மாதம். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அம்மாவுக்குச் சர்க்கரை. அண்ணிக்கு ரத்த குரூப் சேரவில்லை. மிச்சம் இருந்தது கடைக்குட்டி இவள்தான்.

‘கொடுக்கிறியா?’ என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. ‘கடையில எப்ப லீவு தருவாங்க?’ என்றுதான் கேட்டார்கள்.

அண்ணன் லாரி ஓட்டியவன். உடம்பு பாதியாகிவிட்டது. குரல் மட்டும் இன்னும் ஏர் ஹாரன்.

“எதுக்கு இப்படி வெடவெடன்னு நடுங்குற? உள்ள போய் மென்னு முழுங்காம பேசு!”

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

“அவளை ஏண்டா விரட்டுற? அவ கொடுப்பா. கூடப் பொறந்தவ இல்லியா?” என்றாள் அம்மா.

நர்ஸ் கூப்பிட்டாள். அம்மாவும் கூடவே எழுந்தாள்.

“அவங்க மட்டும்.”

டாக்டரம்மா கதவைச் சாத்திவிட்டு ஒரு ஃபார்மை நகர்த்தினார்.

“இதைப் படிங்க.”

“ஐ... வாலன்டரிலி...” அதற்கு மேல் எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது.

“அர்த்தம் தெரியுமா?”

“யாரும் கட்டாயப்படுத்தலைன்னு.”

“அது பாதிதாம்மா. ‘முடியாது’ன்னு சொல்லவும் உங்களால முடியணும். அப்படி இருந்தும் ‘சரி’ன்னு சொன்னாத்தான் அது வாலன்டரிலி. உங்களால ‘முடியாது’ன்னு சொல்ல முடியுமா?”

“சொல்லிட்டு எந்த முகத்தோட டாக்டர் அந்த வீட்டுக்குள்ள போறது?”

“வீட்டை விடுங்க. இங்க நாம ரெண்டு பேர்தான்.”

பேனாவை எடுத்தாள். வைத்தாள்.

“முடியாது டாக்டர்” என்றாள். சொன்னது தான்தானா என்று அவளுக்கே திக்கென்றது. “பத்து நாளா தூக்கமில்ல. மூணு வயசுல பொண்ணு இருக்கா எனக்கு. கத்தியை நினைச்சாலே பயமா இருக்கு. ஆனா நான் இப்படிச் சொன்னேன்னு மட்டும் வெளிய...”

டாக்டர் ஃபார்மை இரண்டாக மடித்து ஃபைலுக்குள் செருகினார். எழுந்து போய்க் கதவைத் திறந்தார்.

“ரிசல்ட் எல்லாம் பார்த்துட்டேன். இவங்க கிட்னி உங்களுக்குச் சரிப்படாது. வெயிட்டிங் லிஸ்ட்ல உங்க பேர் இருக்கு. அதுவரைக்கும் டயாலிசிஸ் ஓடட்டும்.”

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணன் வெடித்தான்.

“என்ன ஆஸ்பத்திரி இது? பாட்டில் பாட்டிலா ரத்தம் எடுத்தீங்களே, அப்ப தெரியலையா?” அப்படியே தங்கை பக்கம் திரும்பினான். “உன்னைச் சொல்லணும். ஒண்ணுத்துக்கும் உதவாத கிட்னியை வச்சுக்கிட்டு இத்தனை நாளா எங்களை அலைய விட்டிருக்க!”

அவள் சுவரோடு ஒண்டிக்கொண்டாள்.

“வாயை மூடுடா!” என்று அம்மா எழுந்தாள். “பாவம், அவ என்னடா பண்ணுவா? கொடுக்கத்தானே வந்தா? அவ உடம்பு ஒத்துக்கலைன்னா அது அவ குத்தமா?” மகளை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள்.

அந்த அணைப்பு அவளை நெருப்பாகச் சுட்டது. முகம் கழுவி வருவதாகச் சொல்லிவிட்டு நேரே டாக்டர் அறைக்குள் நுழைந்தாள்.

“ஃபார்மைக் கொடுங்க. கையெழுத்துப் போட்டுடறேன். அம்மா என்னைக் கட்டிக்கிட்டு அழறாங்க டாக்டர். தாங்க முடியல.”

“பத்து நிமிஷத்துக்கு முன்னாடி பயம். இப்ப குற்ற உணர்ச்சி. இதுவும் வாலன்டரிலி இல்லம்மா. வீட்டுக்குப் போங்க.”

“எனக்காக நீங்க பொய் சொல்லியிருக்கீங்க. அண்ணனுக்குத் தெரிஞ்சா என்னை உயிரோட விடமாட்டாரு.”

வெளியே அண்ணன் இன்னும் கத்திக்கொண்டிருந்தான். நடுவில் மூச்சு வாங்கி, இருமி, மறுபடியும் கத்தினான்.

“உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் கேட்டாரு” என்றார் டாக்டர் மெதுவாக. “ஆனா சொல்லலைன்னா நீங்க ஆயுசுக்கும் மருகிக்கிட்டே இருப்பீங்க.”

“யாரு டாக்டர்?”

“நேத்து டயாலிசிஸ் முடிஞ்ச கையோட உங்க அண்ணன் தனியா இங்க வந்தாரு. ‘தங்கச்சி பயந்துக்கிட்டே வர்றா டாக்டர். நான் வேணாம்னா அம்மா கேக்க மாட்டாங்க. அவ வேணாம்னா அம்மா மன்னிக்கவே மாட்டாங்க. அவளைத் தனியா வச்சுக் கேளுங்க. மனசில்லைன்னா, கிட்னி சரிப்படாதுன்னு நீங்களே சொல்லிடுங்க. நான் வெளிய நின்னு கத்துவேன், தப்பா எடுத்துக்காதீங்க. நான் அவளைத் திட்டினாத்தான் அம்மா அவ பக்கம் நிப்பாங்க’ன்னாரு.”