மருந்தா, மாவா?

"மூணு நாள் மருந்திலேயே காய்ச்சல் விட்டுடுச்சு. இனிமே பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. இது எதும்மா?" என்று உள்ளங்கையில் மாத்திரையை உருட்டிக்கொண்டே கேட்டார் நிமோனியா வார்டுப் பெரியவர்.

"சத்தியமா எனக்குத் தெரியாது சார். குறைஞ்ச நாள் மருந்தே போதுமான்னு பார்க்கிற ஆராய்ச்சி. டாக்டருக்கே சொல்ல மாட்டாங்க" என்றாள் நர்ஸ்.

"மாவா இருந்து, திரும்பக் காய்ச்சல் வந்தா?"

"உடனே மருந்து ஆரம்பிச்சிடுவோம். அதுவரைக்கும் யாருக்கும் தெரியக்கூடாதுங்கிறது விதி."

"விதியாம் விதி! எந்த மடையன் எழுதினான்?"

நர்ஸ் ஆராய்ச்சிக் கோப்பைப் பிரித்துக் காட்டினாள். விதிகளுக்குக் கீழே, போன வருஷம் ஓய்வு பெறுவதற்கு முன், இதே வார்டின் தலைமை மருத்துவராக அந்தப் பெரியவரே போட்ட கையெழுத்து இருந்தது.

"எழுதினப்ப எனக்கு நிமோனியா இல்லையேம்மா!" என்று இருமலும் சிரிப்புமாகச் சொன்னார் பெரியவர். "சரி, அந்த மடையனுக்குக் கொஞ்சம் தண்ணி குடு. முழுங்கித் தொலைக்கட்டும்."